கோணல் ஸ்டீயரிங்கும் 2,400 ரூபாய் டோ கேஜும்

பொள்ளாச்சி சுற்றுவட்டாரத் தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் என்னுடைய டாட்டா 407 வண்டிக்கு, இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு என்ற கம்பியின் முனைகளையும் (டை ராடு எண்டுகள்), ஸ்டீயரிங் பாக்ஸைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் என்ற கம்பியின் ஒரு முனையையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியிருந்தது. அன்று மாலை வண்டியை எடுத்தபோது, சாலையில் நேராகப் போய்க்கொண்டிருக்கையிலேயே ஸ்டீயரிங் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. கடிகார முகப்பில் சொன்னால் நான்கு நிமிட அளவு, அதாவது ஏறத்தாழ 25 பாகை. கையை லேசாக விட்டுப் பார்த்தாலும் வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. இந்த வேறுபாட்டை முதலிலேயே கவனித்துக்கொள்வது நல்லது. வண்டியே ஒரு பக்கம் ஒதுங்கினால் டயர் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், இடப்பக்கம் சரிந்த சாலை என்று காரணங்கள் வேறு. வண்டி நேராக ஓடி ஸ்டீயரிங் மட்டும் கோணலாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் இணைப்புக் கம்பிகளின் நீளத்தில்தான் இருக்கும்.

பட்டறையில் கேட்டபோது, "ஸ்டீயரிங்கக் கழட்டி ரெண்டு பல்லு தள்ளிப் போட்டா நேரா வந்துருங்ணா" என்றார்கள். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். பார்வைக்கு நேராகவும் ஆகிவிடும். ஆனால் இவ்வகை வண்டிகளின் ஸ்டீயரிங் பாக்ஸுக்குள், அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பலைக் கம்பிகளுக்குக் கடத்தும் பெட்டிக்குள், பற்கள் நடுநிலையில் மிக நெருக்கமாகவும், ஓரங்களை நோக்கிப் போகப்போகச் சற்றுத் தளர்வாகவும் பொருந்தியிருக்கும். வண்டி நேராக ஓடும்போது பாக்ஸும் அந்த நடுநிலையில் இருந்தால்தான் ஸ்டீயரிங்கில் வீண் ஆட்டம் இருக்காது. வளையத்தை மட்டும் கழற்றித் திருப்பிப் போட்டால், பாக்ஸ் நடுவிலிருந்து விலகியபடியே இருக்க, கண்ணுக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரியும். ஆகவே டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை முரட்டுத்தனமாக இடிக்காமல் திருப்பிச் சுற்றுகளை எண்ணி, அதில் சரிபாதிக்குத் திரும்பி வந்து பார்த்தேன். ஸ்டீயரிங்கின் குறுக்குக் கம்பி நேராக நின்றது. வளையம் தன் இடத்தில்தான் இருக்கிறது என்பது அப்போதே உறுதியாயிற்று.

எஞ்சியிருந்த ஐயம், டை ராடு எண்டுகளை மாற்றியதில் முன்சக்கரங்களின் டோ அளவும் (சக்கரங்களின் முன்புறம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) குலைந்திருக்கிறதா என்பது. முன்னச்சு ஒரே கட்டையாக உள்ள வண்டியில் டை ராடின் நீளம் இரண்டு சக்கரங்களுக்கும் இடையேயான டோவைத் தீர்மானிக்கிறது. டிராக் லிங்கின் நீளம் டோவைத் தொடாமல் ஸ்டீயரிங்கின் நடுநிலையை மட்டும் தீர்மானிக்கிறது. எதைத் தொட வேண்டும் என்று தெரியாமல் இரண்டையும் திருகினால் டயர்தான் பலியாகும். இதற்காகவே கோவையில் ஓர் உதிரிபாகக் கடையில் 2,400 ரூபாய் கொடுத்து டோ கேஜ் ஒன்றை வாங்கினேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு இரும்புக் குழாய்கள், செங்குத்தான இரண்டு கால்கள், அவற்றின் தலையில் கூர்முனைகள், குழாயின் மேல் ஒட்டிய மில்லிமீட்டர் அளவுகோல், குழாயை இறுக்க ஒரு கைத்திருகாணி, கருவி இவ்வளவுதான்.

பயன்படுத்தும் முறை எளிது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, முன்னச்சைத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே டயரின் நடுவில் ஆணியால் ஒரு கோடு கீற வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, சக்கரங்களை நேராக வைத்துக்கொண்டு சிறிது தூரம் முன்னே உருட்ட வேண்டும். சக்கரத்தின் பின்புறத்தில் இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து, வண்டியை அரைச்சுற்று முன்னே உருட்டி, அதே புள்ளிகள் முன்புறம் வந்ததும் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே டோ. மூன்று முறை அளந்தும் முன்பக்க அளவு 2 மில்லிமீட்டர் குறைவாகவே வந்தது. வண்டியின் கையேட்டு எல்லைக்குள் அது இருந்ததால் டை ராடைத் தொடவில்லை. இந்தக் கருவி எனக்குச் செய்த பெரிய உதவி, தொட வேண்டாததைத் தொடாமல் இருக்க வைத்ததுதான்.

இதில் எனக்குச் சலிப்பூட்டிய இடம் ஒன்று உண்டு. சக்கரத்தின் பின்புறத்தில், அச்சின் மைய உயரத்தில் கருவியை நீட்ட முடியாமல் இன்ஜினின் எண்ணெய்த் தொட்டி குறுக்கே நின்றது. கால்களைத் தாழ்த்தி, முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் அளந்து சமாளித்தேன். கால்கள் இன்னும் நான்கு விரற்கடை நீளமாக இருந்திருந்தால் குழாய் தொட்டிக்குக் கீழே போயிருக்கும், மைய உயரத்திலேயே அளந்திருக்கலாம். அளவுகோலின் பூஜ்யமும் சரியாகப் பொருத்தப்படவில்லை என்றாலும், நமக்குத் தேவை வித்தியாசம் மட்டுமே என்பதால் அதை ஒரு குறையாக நான் கொள்ளவில்லை.

மேலும் ஒன்றைச் சரிபார்த்தேன். அச்சுக்கு வில்லாக இருக்கும் பட்டைக் கட்டின் நடுவில் உள்ள சென்டர் போல்ட் முறிந்து அச்சு நகர்ந்திருந்தாலும் ஸ்டீயரிங் கோணலாகும் என்பதால், முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் டேப்பால் அளந்தேன். வித்தியாசம் 3 மில்லிமீட்டர், கவலைப்பட ஏதுமில்லை.

ஆக, திருத்த வேண்டியது டிராக் லிங்கின் நீளத்தை மட்டுமே. என் வண்டியில் இப்போது பூட்டியிருக்கும் டிராக் லிங்கின் ஒரு முனையில் வலச்சுற்று மரையும் மறுமுனையில் இடச்சுற்று மரையும் உள்ளன. முனைகளை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கிளாம்புகளையும் தளர்த்தி, துருவுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தால், முனைகளைக் கழற்றாமலே நடுக்கம்பியைப் பைப் ரெஞ்சால் திருகலாம். ஒரே பக்கம் மரை உள்ள கம்பியானால் ஒரு முனையைக் கழற்றித்தான் திருப்ப முடியும். திருகுவதற்கு முன் சாக்பீஸால் கம்பியிலும் முனையிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்; இல்லையென்றால் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும். முதல் அரைச்சுற்றைத் தவறான பக்கம் திருகிவிட்டேன். ஸ்டீயரிங் இன்னும் எட்டுப் பாகை சாய்ந்தது. அந்தத் தவறும் வீணாகவில்லை, அரைச்சுற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கு கைக்குக் கிடைத்தது. எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று திருகியதும் ஸ்டீயரிங்கின் குறுக்குக் கம்பி நேரானது. ஒவ்வொரு முறையும் வெறுமனே சக்கரத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல், அரை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தே அடுத்த திருகலைச் செய்தேன்.

பட்டை அழுந்தும்போது இவ்வகை வண்டிகளில் டிராக் லிங்கின் கோணமும் மாறும், அதனால் ஸ்டீயரிங் சிறிது நகரும். வெற்று வண்டியில் மிகச் சரியாக வைத்தால் முழுச் சுமையில் மீண்டும் கோணலாகத் தெரியும் என்பதால், பாதிச் சுமையோடு ஓட்டிப் பார்த்து நடுநிலையை வைத்தேன். கிளாம்புகளை இறுக்கும்போது, ஸ்டீயரிங்கை இரு ஓரங்களுக்கும் திருப்பி அவற்றின் போல்ட்டுகள் எதிலும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முனைகளில் நட்டு கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னைக் கழற்றினால், அதையே திரும்பப் போடாமல் புதியதையே போட வேண்டும்.

ஒரே வண்டிக்கு ஒரே முறை பார்ப்பதென்றால் இந்தக் கருவியை வாங்கச் சொல்ல மாட்டேன். டேப்பும் அதன் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளும் இருந்தால், வண்டிக்கடியில் டேப் தொய்யாமல் பார்த்துக்கொண்டு அதே வேலையை முடிக்கலாம். இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்களுக்கும், ஆள் துணையின்றி வேலை செய்பவர்களுக்கும் கொடுத்த பணத்துக்குத் தகும். இரண்டு முன்சக்கரங்களும் தனித்தனியே தொங்கும் கார்களில் இடது, வலது டோவைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருப்பதால் அங்கே இது போதாது. உடன் வரும் தாளில் ஒரே ஒரு படம் மட்டுமே இருக்கிறது, விளக்கம் எந்த மொழியிலும் இல்லை.

மூன்று மாதமாக ஸ்டீயரிங் நேராகவே நிற்கிறது. கருவியில் கைத்திருகாணிதான் முதல் நாளிலேயே வழுக்கத் தொடங்கியது. அதை எடுத்துவிட்டு ஒரு சாதாரண போல்ட்டைப் போட்டிருக்கிறேன்.