ரோமியோவின் அவசரம்: தெருச்சண்டையா, மாந்துவாவா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் 20 நிமிட மேடைதான் என்றால், ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் ரோமியோவின் அவசரப் புத்தியைக் காட்ட எந்தக் காட்சியை எடுப்பது? பலரும் கை வைப்பது 3-ஆம் அங்கத்துத் தெருச்சண்டையில். வாள், ரத்தம், ஓட்டம் என்று கைதட்டலுக்குக் குறைவிருக்காது. ஆனால் அங்கே ரோமியோ முதலில் ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டோடு மோத மறுக்கிறான். விலக்கிவிடக் குறுக்கே போகிறான்; அவன் கைக்கடியில்தான் நண்பன் மெர்குஷியோவுக்குக் குத்து விழுகிறது. நண்பன் செத்தபின் பழிவாங்கினால் யார்தான் குறை சொல்வார்கள்? டிபால்ட் தானாகத் திரும்பி வருவதை நேரமில்லை என்று வெட்டினால் இன்னும் மோசம், ரோமியோ வெறும் கேங்ஸ்டர் ஆகிவிடுவான்.

ரோமியோ நாடுகடத்தப்பட்டு மாந்துவா நகரில் இருக்கும் 5-ஆம் அங்கத்தின் முதல் காட்சிக்கு மூன்று நடிகர்கள் போதும். ஜூலியட் இறந்த சேதியைச் சொல்லும் வேலையாள் பால்தசார், பொறுமையாக இருங்கள் ஐயா என்று கெஞ்சுகிறான். பாதிரியார் கடிதம் ஏதும் தந்தாரா என்று ரோமியோ கேட்கிறான். ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்ற சேதி அந்தக் கடிதத்தில்தான் வர வேண்டும். இல்லை என்றதும், பரவாயில்லை, போ என்கிறான். அந்தப் ‘பரவாயில்லை’தான் காட்சியின் உயிர். இங்கே அவனை யாரும் சீண்டவில்லை. அடுத்த மூச்சிலேயே ஆமை தொங்கும் மருந்துக்கடை நினைவுக்கு வருகிறது. 40 டுகாட் பொற்காசுக்கு விஷம் கைமாறுகிறது.

கெடுவது அழுகையில். சேதி கேட்டதும் நடிகர் நெஞ்சில் அடித்துக்கொண்டால் அவசரம் போய் சோகம்தான் மிஞ்சும். ஒரே வரி பேசி, உடனே மையும் காகிதமும் குதிரையும் கேட்கட்டும். இடைவெளி வேண்டுமானால் கடிதக் கேள்விக்குப் பிறகு விடலாம்.