வரிசையா, நட்சத்திரமா: நெடிய வீட்டுக்குள் பழைய ஈதர்நெட் வயரிங்

முகப்பு, வளவு (நடுமுற்றப் பகுதி), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் செட்டிநாட்டு வீடுகளில் சில, பின்னாளில் அலுவலகமாகவும் விடுதியாகவும் மாறின. காரைக்குடி வட்டாரத்தில் அத்தகைய வீடுகளுக்குள் கணினி வயர் இழுத்த அனுபவம் எனக்கு உண்டு. பர்மாத் தேக்கு உத்தரத்தின் ஓரமாக ஓடும் கறுப்புக் கோஆக்ஸ் கேபிளை (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை பொதிந்த வயர்) இன்றும் சில இடங்களில் காணலாம். அதை ஏன் அப்படி இழுத்தார்கள், அதற்குப் போட்டியாக வந்த முறை எதில் மேலானது என்பதை இந்த வீட்டமைப்பை வைத்தே அலசலாம்.

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் வயரிங்கில் முதலில் வந்த 10பேஸ்5 முறையைப் பற்றி இங்கே நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1983இல் ஐஇஇஇ 802.3 என்று தரப்படுத்தப்பட்ட அது, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கேபிளில் 500 மீட்டர் வரை செல்லும். 2.5 மீட்டருக்கு ஒன்று என்ற இடைவெளியில், கேபிளைத் துளைத்து நடுக்கம்பியைத் தொடும் இணைப்பைப் பொருத்த வேண்டும். எளிதில் வளையாத அந்தக் கேபிளைத் தூணும் நிலைக்கதவும் நிறைந்த வீட்டுக்குள் திருப்புவது பெரும்பாடு என்பதால், உண்மையான போட்டி அடுத்து வந்த இரண்டுக்கும் இடையில்தான்.

1985இல் தரம் பெற்ற 10பேஸ்2, ஆர்ஜி-58 என்னும் மெல்லிய கோஆக்ஸில் ஓடுவது. ஒரு துண்டுக்கு, அதாவது முனைக்கு முனை ஒரு முழு வரிசைக்கு, 185 மீட்டரும் 30 இணைப்புகளும் எல்லை. ஒவ்வொரு கணினியின் பின்னாலும் கேபிளிலிருந்து கிளை பிரிக்கும் ஒரு பிஎன்சி டி-கனெக்டர், இரு கடைசி முனைகளிலும் சமிக்ஞை திரும்பாமல் உறிஞ்சும் 50 ஓம் டெர்மினேட்டர், அவ்வளவுதான். வயர்கள் எல்லாம் வந்து சேரும் ஹப் என்னும் நடுக்கருவி எதுவும் வேண்டாம். 1990இல் வந்த 10பேஸ்-டி முறையில் ஒவ்வொரு கணினியிலிருந்தும் தனித்தனி முறுக்குக் கம்பி நடுவிலுள்ள ஹப்புக்குப் போகும்; இதுவே நட்சத்திர முறை. ஒரு வயரின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

வயர்ச் செலவை மட்டும் பார்த்தால் கோஆக்ஸ்தான் வெல்லும். பத்து மீட்டருக்கு ஒன்றாக 12 கணினிகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதாகக் கொள்வோம். வரிசையாக இணைத்தால் 110 மீட்டர் கேபிள் போதும். சரியாக நடுவில் ஹப்பை வைத்து ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுத்தால் 360 மீட்டர் வேண்டும், ஹப்பின் விலை வேறு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீட்டுக்கு வரிசை முறையே பொருத்தம் என்று அன்று முடிவு செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பழுது வரும் நாளில் கணக்கு தலைகீழாகும். ஓர் அலுவலகத்தில் மேசையை நகர்த்திப் பெருக்கியபோது ஒரு டி-கனெக்டரிலிருந்து கேபிள் கழன்றுகொள்ள, பதினைந்து கணினிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. கேபிள் அறுந்த இடத்தில் டெர்மினேட்டர் இல்லாததால் சமிக்ஞை அங்கே மோதித் திரும்பி வந்து, அறுபடாத பகுதியையும் குழப்பிவிடும். எங்கே பழுது என்பதைக் கண்டுபிடிக்க, கணினியிலிருந்து ஒரு டி-கனெக்டரைக் கழற்றி நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே மீட்டர் வைத்து அளப்போம்: இரு முனை டெர்மினேட்டர்களும் சரியாக இருந்தால் ஏறத்தாழ 25 ஓம் காட்டும், ஒரு பக்கம் அறுந்திருந்தால் 50 ஓம். பிறகு டெர்மினேட்டரைப் பாதித் தூரத்தில் மாட்டிப் பார்த்து, மீண்டும் அதில் பாதி என்று குறுக்கிக்கொண்டே போக வேண்டும். அறுந்த கேபிளுக்குப் பதிலாக டிவிக்கு இழுக்கும் 75 ஓம் கோஆக்ஸைச் சேர்த்துவிடும் வழக்கமும் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், மின்மறுப்பு 50 ஓமிலிருந்து 75 ஓமுக்கு மாறும் அந்த ஒட்டில் சமிக்ஞையின் ஒரு பகுதி திரும்பிவிடுவதால், சில நேரம் ஓடியும் சில நேரம் நின்றும் ஆளை அலைக்கழிக்கும். முழுதாக அறுந்த கேபிளைவிட இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

நட்சத்திர முறையில் வயர் அறுந்தால் அந்த ஒரு கணினி மட்டும் நிற்கும்; எது என்பதை ஹப்பில் அணைந்துபோன விளக்கே சொல்லிவிடும். என் கணிப்பில் இந்த ஒரு வசதியே கூடுதலாகச் செலவான 250 மீட்டர் வயருக்கு ஈடு. ஆயினும் ஹப் இருப்பதாலேயே வேகம் கூடிவிடும் என்று எண்ணுவது தவறு. வடிவத்தில் நட்சத்திரமாக இருந்தாலும், ஒரு வாயிலில் வந்ததை மற்ற எல்லா வாயில்களுக்கும் அனுப்பும் ஹப், வேலையில் கோஆக்ஸ் வரிசையேதான்: நொடிக்கு 10 மெகாபிட் என்ற அதே கொள்ளளவை எல்லாரும் பங்கிட்டுக்கொள்வார்கள், இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதலும் அப்படியே நிகழும். ஹப்பை எடுத்துவிட்டு, வந்ததை உரிய வாயிலுக்கு மட்டும் அனுப்பும் ஸ்விட்ச் வைத்தபோதுதான் அந்த நிலை மாறியது. கேட்-5 என்னும் தர முறுக்குக் கம்பி இழுத்திருந்தவர்கள் 1995இல் தரமான 100 மெகாபிட்டுக்கும், முனைகளில் எட்டுக் கம்பிகளும் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் 1999இல் தரமான கிகாபிட்டுக்கும், சுவரைத் தொடாமலே மாற முடிந்தது. கோஆக்ஸ் 10 மெகாபிட்டோடு நின்றுவிட்டது.

இரண்டையும் சேர்த்த வழியும் ஒன்று இருந்தது. இந்த வீடுகளுக்கு அன்று அதுவே மிகப் பொருத்தம் என்பேன். வீட்டின் நீளவாக்கு ஒரு வரிசை என்றால், வளவைச் சுற்றி அறைகள் அமைந்திருப்பது நட்சத்திரம். அக்கால ஹப்கள் பலவற்றில் முறுக்குக் கம்பிக்கான வாயில்களோடு ஒரு பிஎன்சி வாயிலும் இருந்ததால், கட்டுக்கு ஒரு ஹப் வைத்து, அவற்றை ஒரே கோஆக்ஸில் கோத்து, அறைகளுக்குத் தனி வயர் விடலாம். எந்த இரு கணினிகளுக்கு இடையிலும் ஐந்து துண்டுகளும் நான்கு ஹப்களும் மிகக் கூடாது என்ற விதி உண்டு. இந்த அமைப்பில் (இரு அறை வயர்களும் நடுக் கோஆக்ஸும் ஆக) மூன்று துண்டுகளும் இரண்டு ஹப்களுமே வரும்.

எதிர்வீட்டுக்கோ தோட்டத்துக் கட்டடத்துக்கோ தெருவைக் கடந்து செல்வதானால் இரண்டு செம்பு வயர்களுமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் இரு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு, கேபிள் வழியே வந்து கணினிகளின் நெட்வொர்க் கார்டுகளைக் கருக்கிவிடும். 10 மெகாபிட் காலத்திலேயே 2 கிலோமீட்டர் வரை செல்லும் ஒளியிழை முறை தரம் பெற்றிருந்தது.

இப்போது பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் அந்தக் கறுப்புக் கேபிளை உருவி எறிந்துவிட வேண்டாம். குழாய்க்குள் ஓடும் இடங்களில் அதன் முனையில் புதிய வயரைக் கட்டி மறுபக்கமிருந்து இழுத்தால், கண்ணாடிபோல் மின்னும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் உளி படாமலே வேலை முடியும்.