த்ராட்டில் சென்சார் போச்சுன்னு 14,250 ரூபாய்க்கு மொட்டை

போன மாதம் திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நன்றாக ஏமாந்தேன். கடைப் பெயர் வேண்டாம், கதையைக் கேளுங்கள்.

வண்டி 2012 மாடல் சின்ன பெட்ரோல் கார், ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ள வகை. துவாக்குடி தாண்டும்போது திடீரென்று குலுக்க ஆரம்பித்தது. பிக்கப் இல்லை, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். வந்த பழுதுக் கோட் பி0123. "டிபிஎஸ் போச்சு சார்." டிபிஎஸ் என்றால் த்ராட்டில் சென்சார்; எஞ்சினுக்குக் காற்று விடும் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது. மாற்றினார்கள், 3,250 ரூபாய். பத்தே நாளில் அதே குலுக்கல், அதே கோட். இந்த முறை "த்ராட்டில் பாடியே தேஞ்சிருக்கு" என்று, அந்தக் கதவு உள்ள மொத்தப் பாகத்துக்கும் 11,000. அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. மூன்றாம் முறை போனால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்கு விலை சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பி0123 வந்தால் சென்சார் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. அங்கிருந்து வரும் வோல்ட் இருக்கவேண்டியதைவிட அதிகம், அவ்வளவுதான். சென்சாருக்கு மூன்று வயர். ஒன்றில் ஈசிஎம் 5 வோல்ட் கொடுக்கும், ஒன்று எர்த், இன்னொன்று சிக்னல். பெடலில் கால் இல்லாதபோது சிக்னல் பெரும்பாலும் அரை முதல் 1 வோல்ட், முழுக்க மிதித்தால் 4-க்கு மேல். எர்த் விட்டுப்போனால் 5 வோல்ட் இறங்க வழியில்லாமல் சிக்னலிலேயே ஏறி நிற்கும். காலே வைக்காமல் ஸ்கேனரில் 4.9 என்று நின்றதை நானே பார்த்தேன். அதைப் பார்த்த பிறகும் அங்கே ஒருவர்கூட மீட்டரைக் கையில் எடுக்கவில்லை.

பாலக்கரைப் பக்கம் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். சென்சார் சாக்கெட்டைக் கழற்றி, சாவியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். 5 வோல்ட் ஒழுங்காக வந்தது. அப்புறம் மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை எர்த் பின்னிலும் வைத்தார். 12 காட்டியது. "இப்ப பாருங்க தம்பி" என்று வயர் கட்டைப் பென்சிலால் லேசாகத் தட்டினார். 12, சட்டென்று 0, மறுபடி 12. எர்த் விட்டு விட்டு வருகிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழே டேப்பைப் பிரித்தால், வயர் உரசி உரசித் தோல் போய், செம்பில் பச்சை பூத்து, இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டிருந்தேன் (இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்). அதையும் ஓம்ஸில் வைத்து, திருப்புளியால் மெல்லத் திருப்பினார். எங்கேயும் விடாமல் சீராக ஏறி இறங்கியது. நல்ல சென்சார்! அவர் வாங்கியது மொத்தம் 350 ரூபாய். அதன் பிறகு விளக்கு எரியவில்லை.

இனி யாராவது கோட் நம்பரைக் காட்டி சென்சார் மாற்றச் சொன்னால், "மூணு வயர்லயும் எத்தனை வோல்ட் வருது, எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். எழுதித் தராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பில்லோடு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "எலக்ட்ரிக்கல் பார்ட்டுக்கு ரிட்டர்ன் கிடையாது சார், பில்லுலயே போட்டிருக்கே" என்றார்கள். போட்டுத்தான் இருந்தது, பின்பக்கத்தில், பொடி எழுத்தில். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு வந்திருக்கிறேன்.