விபத்துக் காய இழப்பீடு: நேரடி சமரசம், தீர்ப்பாயம், லோக் அதாலத் – எதில் எவ்வளவு காலம் ஆகும்?

தமிழ்நாட்டில் விபத்துக் காய வழக்கு ஒன்று, மனு போட்டதிலிருந்து பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை சாதாரணமாக ஒன்றரை வருடம் முதல் மூன்று வருடம் எடுக்கும். இரு தரப்பும் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் முடிந்தால் ஒரு வருடத்துக்குள்ளேயே முடியலாம். இன்சூரன்ஸ் கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டால் ஐந்து வருடம் தாண்டுவதும் உண்டு. சட்டம் போட்டுவைத்திருக்கும் கணக்கோ ஐந்தே மாதம். மீதி மாதங்கள் எங்கே போகின்றன என்று தெரிந்தால்தான் மூன்று வழிகளில் எது யாருக்குச் சரிவரும் என்று சொல்ல முடியும்.

கம்பெனியோடு நேரடி சமரசம்

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, போலீஸ் விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தர வேண்டும். விரிவான அறிக்கை கைக்கு வந்த 30 நாளில் கம்பெனியின் நியமன அதிகாரி தொகையைச் சொல்ல வேண்டும். நீங்கள் சம்மதித்தால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும். அடுத்த 30 நாளில் பணம். 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கெடுக்களைக் கட்டாயம் பின்பற்றச் சொல்லிவிட்டது.

ஏற்பாடு நல்லதுதான். தையல் போட்ட காயம், விரலில் விரிசல், மாவுக்கட்டோடு சரியாகிவிட்ட கை என்றால் இந்த வழியே போதும், கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை. தொடை எலும்பில் ராடு வைத்தவருக்கு இது ஒத்துவராது. தொண்ணூறாவது நாளில் எலும்பே சரியாகக் கூடியிருக்காது. முழங்கால் எவ்வளவு மடங்கும், ஊனம் எத்தனை சதவீதம் என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். அந்த நிலையில் கம்பெனி சொல்லும் தொகை ஆஸ்பத்திரி பில்லையும் கொஞ்சம் வலி வேதனையையும் சேர்த்த கணக்காகத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு ராடு எடுக்க இரண்டாவது ஆபரேஷன் வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

எந்த வழியில் போனாலும் ஒரு வேலையை மட்டும் விட்டுவிடக் கூடாது. பாதிக்கப்பட்டவர் நிரப்ப வேண்டிய ஆறாம் படிவத்தை 60 நாளுக்குள் ஸ்டேஷனில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை, வருமானம், சிகிச்சை விவரம் எல்லாம் முதலில் பதிவாகும் இடம் அதுதான். பிறகு மனுவில் வேறு வருமானம் எழுதினால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

தீர்ப்பாயம்

சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம், மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றமும் சார்பு நீதிமன்றங்களும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமாக இயங்குகின்றன. வழக்கு எண்ணுக்கு முன்னால் எம்.சி.ஓ.பி. என்று இருக்கும். விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை; நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். உளுந்தூர்பேட்டை பக்கம் அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே போடுவது நல்லது. டாக்டர், எக்ஸ்ரே, சாட்சி சொல்லப் போகும் அலைச்சல் எல்லாம் சொந்த ஊரில் அடங்கிவிடும்.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2019 திருத்தத்தில் திரும்ப வந்த விதி. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி ஏழாம் மாதம்வரை உட்கார்ந்திருப்பது வீண் வம்பு.

மனு போட்டதும் முதல் இரண்டு மூன்று மாதம் வழக்குக்கு நம்பர் ஆவதிலும் சம்மன் போவதிலும் கழியும். சம்மன் இழுக்கக் காரணம் பெரும்பாலும் வண்டி உரிமையாளர்தான். காரை விற்றிருப்பார், ஆர்.சி.யில் பெயர் மாற்றியிருக்க மாட்டார், பழைய முகவரியில் வேறு யாரோ குடியிருப்பார்கள். சட்டப்படி பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வண்டி யார் கையில் இருக்கிறது என்று தேடி அலையாமல், விபத்து நாளில் ஆர்.சி.யில் இருந்த பெயரையும் முகவரியையும் எடுத்து மனுவில் போட வேண்டும். அவர் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஆஜராகாதவர் ஆக்கிவிட்டு வழக்கு நகரும். பணம் கொடுக்கப்போவது கம்பெனி.

அடுத்தது கம்பெனியின் எதிருரை, அதாவது எழுத்துப்பூர்வ பதில். இதில் இரண்டு மூன்று வாய்தா போகும். பிறகு மனுதாரர் சாட்சி. கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான், அதிலும் ஒரு தாளில்: ஏ.ஆர். காப்பி. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவுடன் டியூட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்ல போகும்போது விழுந்துட்டாருங்க" என்று சொன்னால் அது அப்படியே "தானாகத் தவறி விழுந்ததாக" என்று ஏறிவிடும். இரண்டு நாள் கழித்து எஃப்.ஐ.ஆரில் கார் வந்தால், கார் பிறகு செருகப்பட்டது என்பதே கம்பெனி வக்கீலின் முழு வாதமும். எந்த வண்டி மோதியது, எந்த ரோட்டில், எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் டாக்டரிடம் சொல்லி எழுதவைப்பது முதல் ஒரு மணி நேரத்து வேலை. அது நடக்கவில்லை என்றால் கண்ணால் பார்த்த சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டிவரும். அதற்கே நான்கைந்து மாதம் தனியாகப் போகும்.

குற்றப்பத்திரிகை, மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) ரிப்போர்ட், விபத்து நடந்த இடத்தின் ரஃப் ஸ்கெட்ச், அந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜர் ஆகியவை கைவசம் இருந்தால் மற்ற சான்றாவணங்கள் எல்லாம் ஒரே நாளில் ஏறிவிடும்.

மெடிக்கல் போர்டு

அதிகமாக இழுக்கும் கட்டம் இதுதான். தீர்ப்பாயம் கடிதம் கொடுத்து அரசு மருத்துவமனையின் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பும். தேதி கிடைக்க வேண்டும், புது எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சான்று கோர்ட்டுக்குத் திரும்பி வர வேண்டும். மூன்று மாதம் சர்வசாதாரணம். சாட்சியம் எல்லாம் முடிந்த பிறகு போர்டுக்கு அனுப்பக் கேட்பவர்கள் அந்த மூன்று மாதத்தைச் சும்மா இழக்கிறார்கள். பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்யும்போதே அதையும் கேட்டுவிடலாம். ரொம்ப முன்னாலும் போகக் கூடாது. எலும்பு கூடுவதற்குள் போனால் தற்காலிக ஊனம் என்று எழுதிவிடுவார்கள். பழைய படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றையும் கொண்டுபோகாவிட்டால் இன்னொரு தேதிதான்.

சதவீதம் வந்த பிறகு அதை எப்படிப் பணமாக்குவது என்பதில்தான் உண்மையான சண்டை. வயது 34, மாத வருமானம் 15,000, கட்டட வேலை, முழங்கால் மடங்காததால் 20 சதவீத ஊனம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதத்துக்கு 5,000 என்று போட்டால் ஒரு லட்சம், முடிந்தது. ஆனால் சாரத்தில் ஏற முடியாததால் சம்பாத்தியமே குறைந்தது என்று நிரூபித்தால் கணக்கு மாறும். நாற்பது வயதுக்கு உட்பட்ட சுயதொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வு 40 சதவீதம் சேர்த்து மாதம் 21,000, வருடம் 2,52,000. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கி (வருட வருமானத்தைப் பெருக்கும் எண்) 16. அதில் 20 சதவீதம் 8,06,400. ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனை, சிகிச்சைக் காலத்தில் போன சம்பளம் எல்லாம் இதற்கு மேல் தனி. மருத்துவச் சதவீதமும் தொழில் செய்யும் திறன் இழப்பும் ஒன்றல்ல என்பதை 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அதே முழங்காலுக்கு இந்தக் கணக்குக் கிடைக்காது. கிடைக்கக்கூடியவர் அதை நிரூபிக்க மேஸ்திரியையோ முதலாளியையோ சாட்சிக்குக் கூட்டிவர வேண்டும். கூடுதலாக ஆறு மாதம் ஆகும். ஏழு லட்சத்துக்கு ஆறு மாதம் மோசமான விலை இல்லை.

காத்திருப்பதற்கு வட்டியும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மனு போட்ட நாளிலிருந்து ஆண்டுக்கு 7.5 சதவீதம் தனிவட்டி தருகிறார்கள். எட்டு லட்சத்துக்கு மூன்று வருடத்தில் 1,80,000. ஆனால் வாய்தாவுக்கு வராமல் வழக்கு டிஃபால்ட்டில் தள்ளுபடியாகி, பிறகு உயிர்ப்பித்தால், அந்த இடைக்காலத்துக்கு வட்டியை வெட்டிவிடுவார்கள். வக்கீல் ஆபீசை நம்பி வீட்டில் இருப்பவர்கள் வழக்கின் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வாய்தா தேதியைத் தாங்களே பார்த்துக்கொள்வது நல்லது. வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்குப் புறம்பானது. நடக்கிறது என்பது வேறு விஷயம்.

லோக் அதாலத்

மூன்றில் எங்கள் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு: மெடிக்கல் போர்டு சான்று கைக்கு வந்த பிறகு போக வேண்டும். வருடத்தில் நான்கு முறை, வழக்கமாக ஒரு சனிக்கிழமை, தேசிய லோக் அதாலத் நடக்கும். அதற்கு முன்பே பேச்சுவார்த்தை அமர்வுகள் உண்டு. கம்பெனி அதிகாரி கையில் ஒரு தொகையோடு வருவார். அவர் முதலில் சொல்வது கடைசித் தொகை இல்லை என்பது அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மேலே சொன்ன கணக்கை ஒரே தாளில் எழுதி எடுத்துப்போனால் பேச்சு ஒரு லட்சத்தில் ஆரம்பிக்காமல் ஐந்து லட்சத்தில் ஆரம்பிக்கும்.

முடிந்தால் அன்றைக்கே அவார்டு, அதாவது இழப்பீட்டுத் தீர்ப்பு. இரு தரப்பும் மேல்முறையீடு போக முடியாது. பெரிய லாபமே அதுதான். கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். பணம் சாதாரணமாக ஒன்றிரண்டு மாதத்தில் வரும். கவனிக்க வேண்டிய இடம், சொல்லும் தொகை வட்டியும் சேர்த்தா, வட்டி தனியா என்பது. பெரும்பாலும் சேர்த்துத்தான் இருக்கும். குடித்திருந்தார், ஹெல்மெட் இல்லை, எதிர்ப்பக்கம் வந்தார் என்று உங்கள் மேலும் கொஞ்சம் தவறு இருக்கும் கேஸில் பத்து இருபது சதவீதம் விட்டுக்கொடுத்து இங்கே முடிப்பது புத்திசாலித்தனம். தவறு முழுக்கக் கார்க்காரருடையது, ஊனம் தொழிலையே பறித்துவிட்டது என்றால் தீர்ப்பாயத்திலேயே நிற்கலாம்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இந்த மூன்றும் கிடையாது. கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் என்று தனித் திட்டம் இருக்கிறது. வருவாய்த் துறை வழியாகப் போக வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு

அவார்டு வந்த 30 நாளில் பணம் கட்ட வேண்டும் என்பது சட்டம். மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருப்பதால், போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்வரை கம்பெனி கட்டாமலே இருக்கும். தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் மேல்முறையீடே கிடையாது. கம்பெனி ஹைகோர்ட்டில் சி.எம்.ஏ. என்ற மேல்முறையீடு போட்டுத் தடை கேட்டால், தொகையில் ஒரு பங்கை டெபாசிட் செய்யச் சொல்லித்தான் வழக்கமாகத் தடை தருவார்கள். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள மனு போடலாம். போடாமல் வருடக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர்.

மோதியது அரசுப் பேருந்து என்றால் கதை வேறு. போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு இருப்பதால் பணத்தைக் கழகமே கட்ட வேண்டும். நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ்ஸை ஜப்தி செய்த செய்திகள் அடிக்கடி வருவது இதனால்தான். இதற்கு ஒரு வருடம் கூடுதலாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இழப்பீட்டை நேராக வங்கிக் கணக்கில் செலுத்தும் முறைக்கு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஆகவே கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., பான் மூன்றும் ஆரம்பத்திலேயே பதிவில் இருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், மனுவில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் கடைசிக் கட்டத்தில் பெயர்த் திருத்த மனு ஒன்று போட்டு இன்னும் இரண்டு வாய்தா அலைய வேண்டிவரும். மனுவில் கையெழுத்துப் போடும் முன்பே மூன்றையும் மேசையில் பரப்பி ஒத்துப்பார்த்துவிடுங்கள்.