பேரியம் சேர்மங்கள், நான்கு புட்டித் தொகுப்பு: சரக்கு நல்லது, லேபிள் மோசம்

வேதியியல் வகுப்புக்காக வாங்கிய தொகுப்பு. குளோரைடு, ஹைட்ராக்சைடு, கார்பனேட், சல்பேட் என்று நான்கு புட்டிகள், நான்கிலும் வெள்ளைத் தூள்தான், லேபிளைப் பார்க்காமல் எது எதுவென்று சொல்லவே முடியாது. உலோக பேரியம் இதில் இல்லை, இல்லாததும் நல்லதுதான். காற்றுப் பட்டாலே மங்கிவிடும், தண்ணீரில் போட்டால் கால்சியத்தைவிட வேகமாக ஹைட்ரஜனை வெளியேற்றும், எண்ணெய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

குளோரைடு அருமை. கலங்கலே இல்லாமல் கரைந்தது. சோடியம் சல்பேட் கரைசலில் கொஞ்சம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, மேலே இதில் ஒரு துளி விட்டதும் பால் மாதிரி வெள்ளை வீழ்படிவு. அமிலம் சேர்க்க மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் கார்பனேட் இருந்தாலும் இதே வெள்ளை வந்து சல்பேட் என்று ஏமாற்றிவிடும். சுடர் சோதனையில் முதலில் சோடியத்தின் மஞ்சள் மின்னியது, அப்புறம் வெளிறிய ஆப்பிள் பச்சை. தாமிரத்தின் பச்சை அளவுக்கு அழுத்தமாக இருக்காது, அறையை இருட்டாக்கிப் பாருங்கள்.

ஹைட்ராக்சைடு புட்டிக்கு உள்மூடி கிடையாது. இது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து கார்பனேட்டாக மாறும் பொருள், இதற்குப் போய் சாதாரண மூடியா? தண்ணீரில் போட்டால் அடியில் வெள்ளை வண்டல் நின்றது, அதில் அமிலத்தைச் சொட்டினால் நுரைத்தது, அவ்வளவுதான், கொஞ்சம் கார்பனேட்டாக மாறிவிட்டது என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் அம்மோனியம் குளோரைடோடு சேர்த்துக் கலக்கியபோது அம்மோனியா நெடி கிளம்பி, முகவை குளிர்ந்துபோய், கீழே ஈரமாக்கி வைத்த மரப்பலகையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. மாணவர்களுக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

எனக்குக் கோபம் வந்தது கார்பனேட் லேபிளைப் பார்த்துத்தான். ‘நீரில் கரையாது’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், நச்சு என்ற எச்சரிக்கையே இல்லை. நீரில் கரையாதுதான், ஆனால் இரைப்பை அமிலத்தில் நன்றாகவே கரையும். அப்படிக் கரைந்து வரும் பேரியம் அயனி செல்களிலுள்ள பொட்டாசியம் வழிகளை அடைத்து, இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து, தசையையும் இதயத்தையும் பாதிக்கும். ஒரு காலத்தில் எலிமருந்தாக இருந்த பொருள் இது. பக்கத்துப் புட்டியில் இருக்கும் சல்பேட்டோ 100 மில்லி தண்ணீரில் கால் மில்லிகிராம் அளவுதான் கரையும், நீர்த்த அமிலத்துக்கும் அசையாது, அதனால்தான் மருத்துவத் தரத்தில் தயாரித்து எக்ஸ்ரே எடுக்கும் முன் குடிக்கக் கொடுக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி லேபிள்! வாங்கினால் முதல் வேலையாக கார்பனேட், குளோரைடு, ஹைட்ராக்சைடு மூன்றிலும் சிவப்பு மையில் ‘நச்சு’ என்று எழுதி ஒட்டுங்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், குறைத்த இரண்டும் லேபிளுக்கும் மூடிக்கும். கழிவை என்ன செய்வது என்றும் கையேட்டில் ஒரு வரி இல்லை. மிச்சக் கரைசலைத் தொட்டியில் கொட்டாமல், சோடியம் சல்பேட்டைக் கூடுதலாகவே சேர்த்து முழுவதையும் சல்பேட்டாக இறக்கி, வடிகட்டி, தூளைத் தனியாக ரசாயனக் கழிவில் சேருங்கள்.