24 பவுண்ட் பித்தளை சைக்கிள் மணி: எட்டு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்

மொதல்லயே சொல்லிடறேன், மணி நல்ல மணி. விலை 24 பவுண்ட். ஒரு சைக்கிள் மணிக்கு இவ்ளோவான்னு வீட்ல கேட்டாங்க, நானும் ரெண்டு நாள் யோசிச்சுட்டுதான் ஆர்டர் போட்டேன். சைக்கிளோட வந்த பிளாஸ்டிக் மணி பேனா மூடி திறக்கற மாதிரி 'க்ளிக்'னு ஒரு சத்தம் போடும், ஓட்டற எனக்கே கேக்காது. இங்க பிரிட்டன்ல புது சைக்கிள மணி வெச்சுதான் விக்கணும்னு சட்டம் இருக்கு, ஆனா வாங்கிட்டு வந்து மறுநாளே அத கழட்டிப் போட்டுட்டு ஓட்டினா குத்தம் கிடையாது, அதனால சட்டத்துக்கு கணக்கு காட்ட ஏதோ ஒண்ண மாட்டி அனுப்பிடறாங்க.

நான் லண்டன்ல ஈஸ்ட் ஹாம்ல இருக்கேன், ஆபீஸ் ஓல்ட் ஸ்ட்ரீட் பக்கம். கிரீன்வே புடிச்சு, விக்டோரியா பார்க் தாண்டி, அப்புறம் ரீஜண்ட்ஸ் கெனால் ஓரமாவே போயிடுவேன். தெரியாதவங்களுக்கு, கிரீன்வேங்கறது 1860கள்ல கட்டின பெரிய கழிவுநீர் குழாய் மேல போட்ட பாதை, வெயில் காலத்துல அது மூக்குக்கே தெரியும். அதுல நடக்கறவங்க, ஓடறவங்க, குழந்தை வண்டி, நாய், சைக்கிள் எல்லாம் ஒண்ணா போகணும். கெனால் பாதை இன்னும் மோசம், சில இடத்துல ரெண்டு பேர் சேர்ந்து நடந்தாலே முடிஞ்சுது, ஒரு பக்கம் செவுரு, ஒரு பக்கம் தண்ணி. பாலத்துக்கு அடியில பாதை வளையும், எதிர்ல யார் வரான்னு சுத்தமா தெரியாது. இந்த ரூட்டுக்கு மணி இல்லாம ஆகாது.

சத்தத்த பத்தி சொல்லணும்னா, அட்டகாசம். கனமான பித்தளைக் கிண்ணம், ஸ்பிரிங் வெச்ச சின்ன சுத்தி, ஒரு தட்டு தட்டினா 'டிங்ங்ங்...'னு மூணு நாலு செகண்ட் இழுக்கும். நான் கும்பகோணத்துக்காரன், பித்தளை சத்தத்துல எது நல்ல வார்ப்பு எது தகரம்னு ஓரளவு காதுக்கு தெரியும், இது நல்ல வார்ப்பு. நம்ம ஊர் சைக்கிள்ல வர்ற 'கிணிங் கிணிங்' மாதிரி அதட்டற சத்தம் இல்ல, கோயில்ல யாரோ தூரத்துல மணி அடிச்ச மாதிரி இருக்கும். மழை பேஞ்சா கிண்ணத்து மேல தண்ணி நின்னு சத்தம் கொஞ்சம் அமுங்கும், விரலால வழிச்சு விட்டா சரியாயிடும். எட்டு மாசத்துல லேசா கருத்திருக்கு, புளி போட்டு தேச்சா பளபளன்னு ஆயிடும், நான் தேய்க்கல.

குறை எங்கன்னா மணிய ஹேண்டில்பார்ல புடிச்சு வெக்கற கிளாம்ப்ல. பெட்டியில வர்றது 22.2 மிமீ ஹேண்டில்பாருக்கான கிளாம்ப் மட்டும்தான். இப்ப வர்ற நெறைய சைக்கிள்ல பாரோட நடு பாகம் 31.8, ஓரத்துக்கு போகப்போகதான் ஒல்லியாகும், அந்த ஒல்லி பாகத்துல ஏற்கனவே பிரேக், கியர் ஷிஃப்டர் எல்லாம் இடம் புடிச்சு உக்காந்திருக்கும். அதனால நான் இடது பக்கம் ஷிஃப்டருக்கும் உள்ள தள்ளி மாட்டிட்டேன். பாக்க அழகாதான் இருந்துச்சு, ஆனா கட்டைவிரல் எட்டல. மணி அடிக்கணும்னா கையையே உள்ள நகத்தணும், அதாவது நான் மணி அடிக்கிற அந்த நேரம் இடது கை பிரேக்ல இல்ல. இத நான் பெருசா எடுத்துக்கவே இல்ல, நவம்பர் மாசம் ஒரு சாயந்திரம் வரைக்கும்.

ஆபீஸ் விட்டு வர்றேன், கிரீன்வேல கூட்டம் இல்ல, முன்னாடி ஒரு அம்மா கையில தமிழ் கடைப் பையோட இடது ஓரமா நடந்து போறாங்க, பையில முருங்கைக்கா நீட்டிட்டு இருக்கு. நான் வலது பக்கமா தாண்டிடலாம்னு கணக்கு போட்டு டிங்னு ஒண்ணு விட்டேன். அவங்க சத்தம் கேட்ட உடனே வலது பக்கமா ஒதுங்கிட்டாங்க, நேரா என் முன்னாடி. இடது கைய பிரேக்குக்கு கொண்டு போறதுக்குள்ள ஹேண்டில்பார் பையில மாட்டி, அவங்க தடுமாறி உக்காந்துட்டாங்க, நானும் சைக்கிளோட சாஞ்சுட்டேன். நல்ல வேளை யாருக்கும் அடி இல்ல, முருங்கைக்கா மட்டும் ரெண்டு துண்டு.

எனக்கு மொதல்ல வந்தது கோவம்தான், ஒத்துக்கறேன். "அம்மா, நான் மணி அடிச்சேனேம்மா"ன்னேன். அவங்க யாழ்ப்பாணத்துக்காரங்க, ரொம்ப நிதானமா, "மணி அடிச்சது கேட்டதுதான் தம்பி, எந்தப் பக்கம் ஒதுங்கிறதெண்டு அது சொல்லேல்லையே"ன்னாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. வேற முருங்கைக்கா வாங்கித் தரேன்னு சொன்னதுக்கு, "முறிஞ்சால் என்ன, வெட்டத்தானே போறன்"ன்னு சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டுப் பாத்தேன். 20 கிமீ வேகம்னா ஒரு செகண்டுக்கு அஞ்சரை மீட்டர். நான் மணி அடிச்சதே அஞ்சாறு மீட்டர் இருக்கும்போதுதான். அப்ப அந்தம்மாவுக்கு நான் குடுத்தது ஒரே ஒரு செகண்ட், அதுக்குள்ள கேட்டு, புரிஞ்சு, திரும்பி, சரியான பக்கமா நகரணும். இங்க ரோட்டு விதிப் புத்தகமான ஹைவே கோடு சொல்றதும் அதுதான், நடக்கறவங்கள தாண்டும்போது வேகத்த குறை, மணி அடி, ஆனா அவங்களுக்கு காது கேக்காம, கண்ணு தெரியாம இருக்கலாம், அது பாத்தா தெரியாதுன்னு. 2022 ஜனவரில இன்னொண்ணும் சேத்தாங்க, யாரால அடுத்தவங்களுக்கு அதிக ஆபத்தோ அவங்களுக்கு பொறுப்பு அதிகம். லாரிக்காரன் என்னைப் பாத்து ஓட்டணும், நான் அந்தம்மாவைப் பாத்து ஓட்டணும். லாரிய பத்தி பேசும்போது மட்டும் இந்த விதி எனக்கு ரொம்ப புடிக்கும்.

என் ஆபீஸ் பக்கத்துலயே, ஓல்ட் ஸ்ட்ரீட்ல, 2016 பிப்ரவரில ரோட்ட கடந்த ஒரு பெண்மணி மேல சைக்கிள் மோதி, ஒரு வாரம் கழிச்சு அவங்க இறந்துட்டாங்க. ஓட்டின பையன் மோதறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கத்தியிருக்கான். ஆனா சைக்கிள்ல முன் பிரேக் கிடையாது, ரோட்டுல ஓட்டவே கூடாத வண்டி. மேன்ஸ்லாட்டர், அதாவது கொல்லணும்னு எண்ணமில்லாம சாவுக்கு காரணமான குத்தம், அது இல்லன்னு விட்டாங்க, ஆனா 1861ல குதிரை வண்டி காலத்துல போட்ட ஒரு சட்டத்த எடுத்து 18 மாசம் சிறைத் தண்டனை குடுத்தாங்க, ஏன்னா சைக்கிளுக்குன்னு அதுக்கு ஏத்த சட்டமே அப்ப இல்ல.

இதுக்கு நேர் எதிர் கேஸ் ஒண்ணு இருக்கு, 2015ல லண்டன் பிரிட்ஜ் பக்கத்துல நடந்தது. சைக்கிள்காரருக்கு பச்சை சிக்னல், போன பாத்துக்கிட்டே ஒருத்தங்க ரோட்ட கடக்கறாங்க, அவர் கத்தினார், காத்து ஹாரன் அடிச்சார், பிரேக்கும் புடிச்சார், விலகவும் பாத்தார். அவங்க பதறிப் போய் பின்னாடி வந்தாங்க, அவர் விலகினதும் அதே பக்கம். எனக்கு நடந்த அதே கதை! 2019ல தீர்ப்பு, ரெண்டு பேர் மேலயும் பாதிப் பாதி தப்பு. ஜனங்க எதிர்பாராம ஏதாவது பண்ணுவாங்க, சைக்கிள்காரர் அதுக்கு தயாரா இருக்கணும்னு ஜட்ஜ் சொன்னாங்க. அவர் 4,000 பவுண்டுக்கு மேல நஷ்டஈடு கட்டணும்னு ஆச்சு, இன்ஷூரன்ஸ் இல்ல, கேஸ் செலவு வேற தலையில, கடைசில பொதுமக்கள் காசு திரட்டிக் குடுத்தாங்க. எனக்கு அந்த தீர்ப்பு அப்ப அநியாயமா பட்டுச்சு, இப்பவும் பாதிக்குப் பாதிங்கறது அவருக்கு கொஞ்சம் ஜாஸ்தின்னுதான் தோணுது. ஆனா ஹாரன் அடிச்சதால கணக்கு முடிஞ்சதுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது.

அதனால நண்பர் ஒருத்தர் காட்டின அந்த எலக்ட்ரிக் ஹாரன் எனக்கு வேணாம். கார் ஹாரன் அளவுக்கு கத்துது, கார்காரங்களுக்கு சரி, கெனால் ஓரத்துல ஒரு பெரியவர் பின்னாடி போய் அத அடிச்சா தண்ணியிலதான் விழுவார். (நியாயமா ஒண்ணு சொல்லணும், பிரிட்டன்ல வருஷத்துக்கு சுமார் 400 பேர் நடந்து போகும்போது வண்டி மோதி சாகறாங்க, கிட்டத்தட்ட எல்லாம் காரும் லாரியும் பஸ்ஸும்தான், சைக்கிளால சாகறவங்க விரல் விட்டு எண்ற அளவு. ஆனா அது என் அஞ்சு மீட்டர் மணிய நல்லதாக்காது.)

இப்ப என்ன பண்ணியிருக்கேன்னா, ஷிஃப்டர உள்ள தள்ளி, மணிய பிரேக் லீவர ஒட்டி மாட்டிட்டேன். நாலு விரல் பிரேக் மேல, கட்டைவிரல் மணி மேல. இருபது மீட்டர்ல டிங் டிங்னு ரெண்டு தடவை, உடனே மிதிக்கறத நிறுத்திடறது, அவங்க திரும்பிப் பாத்த பிறகுதான் பக்கத்துல போறது. திரும்பலன்னா ஹெட்போன்னு அர்த்தம், அதுக்கு எந்த மணியும் உதவாது, நடக்கற வேகத்துல பின்னாடியே போக வேண்டியதுதான். ஆபீஸுக்கு அஞ்சு நிமிஷம் லேட்டாகுது. குண்டும் குழியுமான இடத்துல சுத்தி ஆடி மணி தானாவே அடிக்கும், கெனால் பாலத்துக்கு அடியில கல் பாவின தரைல நான் தொடாமலே டிங் டிங்னு வரும். சிலர் ரிவ்யூல இத குறையா எழுதியிருக்காங்க, எனக்கு அந்த இடத்துல அது வசதிதான்.

மணிக்கு நாலு ஸ்டார். ஒண்ணு குறைச்சது கிளாம்புக்கு. வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஹேண்டில்பார் எவ்ளோ தடிமன்னு அளந்துக்கங்க, கிளாம்ப் ஸ்க்ரூவ முறுக்கற 3 மிமீ ஆலன் கீ பெட்டியில வராது, அதையும் சேத்து வாங்கிக்கங்க.