சுங்கைப்பட்டாணியில் ஒரு செட் லஞ்ச்

பினாங்கு விமான நிலையத்தில் இறங்கி, மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள சுங்கைப்பட்டாணிக்கு வரும் நம் வெளிநாட்டுச் சொந்தங்கள் பலர், நல்ல ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் மறுபடியும் பாலத்தைத் தாண்டிப் பினாங்குக்கே போகிறார்கள். சுங்கைப்பட்டாணியில் வாழையிலைக் கடையையும் இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடையையும் விட்டால் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. இந்த முறை பெர்த்திலிருந்து வந்தபோது நானும் என் தமிழ்ப்பள்ளித் தோழியும் ஊரிலேயே ஒரு ஹோட்டலில் செட் லஞ்ச் சாப்பிட்டோம். மனம் நிறைந்து வெளியே வந்தோம். பழைய நண்பர்களை உட்கார வைத்து நிதானமாகப் பேச இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டால் இது மறந்துபோகும். நாங்கள் போன இடத்தில் செட் லஞ்ச் ஞாயிறு முதல் வியாழன் வரைதான். வெள்ளி, சனியில் பஃபே மட்டும், விலையும் கூடுதல். அதனால் ஞாயிறு மதியம் போனோம். பக்கத்து மேசைகளில் அலுவலகக் கூட்டம். ஒன்றரை மணி வாக்கில் அவர்கள் எழுந்து போய்விட, அப்புறம் அந்த இடமே எங்களுக்குத்தான்.

மெனு ஒரே பக்கம். சூப் அல்லது சாலட், அடுத்து மூன்றில் ஒரு முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு, கோப்பி அல்லது தேநீர். ஓர் ஆளுக்கு 38 வெள்ளி (ரிங்கிட்). நான் சிக்கன் சாப் கேட்டேன், தோழி சியாக்காப் (கொடுவா) மீன் கேட்டாள்.

சிக்கன் சாப்பை நான் வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் அவர்கள் வீடுகளிலும் கிளப்புகளிலும் சமைத்த ஹைனான் சீனர்கள், மேற்கத்திய உணவைத் தங்கள் கைப்பக்குவத்தில் மாற்றி உண்டாக்கியது அது. நான் பிறந்த தோட்டத்திலும் துரைமார் கிளப் ஒன்று இருந்தது. அப்பா அங்கே பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். கிளப்புக்குப் பின்னால் உள்ள மர வரிசையில் அவருக்குப் பால்வெட்டு வேலை விழுந்த நாட்களில், வறுத்த கோழி வாசம் வருமென்று சொல்லுவார். உள்ளே போய்ச் சாப்பிட்டவர் எங்கள் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) யாரும் இல்லை. இன்று அந்தத் தோட்டத்தில் பால்மரமே இல்லை. பாதி செம்பனை (எண்ணெய்ப்பனை), பாதி வீடமைப்புப் பகுதி. தட்டு மேசைக்கு வந்தபோது அப்பாவைத்தான் நினைத்தேன். கோழித்தொடை மேலே மொறுமொறுப்பாக, உள்ளே ஈரம் காயாமல் இருந்தது. குழம்பில் வெங்காயமும் பச்சைப்பட்டாணியும் போட்டு, லேசான புளிப்போடு, பழைய பக்குவத்தில் செய்திருந்தார்கள். பினாங்கில் இதைவிட அதிக விலை கொடுத்து இதைவிடக் காய்ந்த கோழியைச் சாப்பிட்டிருக்கிறேன்.

தோழியின் மீன் அதைவிட ஒரு படி மேல். மெர்போக் ஆற்றில் கூண்டு வைத்து சியாக்காப் வளர்ப்பவர்கள் உண்டு, இங்கிருந்து கிட்டத்தில்தான். ஹோட்டலின் மீன் அங்கிருந்துதான் வந்ததா என்று கேட்கவில்லை. ஆனால் சதை உதிராமல், சேற்று வாடை இல்லாமல் இருந்தது. எலுமிச்சையும் கொஞ்சம் வெண்ணெயும், அவ்வளவுதான் மசாலா. இனிப்பு சாகோ குலா மெலாக்கா, அதாவது வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய ஜவ்வரிசி. தேங்காய்ப்பாலில் உப்பு அளவாக இருந்தது.

சாப்பாட்டைவிட எனக்குப் பிடித்தது கவனித்துக்கொண்ட விதம். தோழி மாட்டிறைச்சி தொடமாட்டாள். ஹலால் சமையலறை என்றால் பன்றி இருக்காது, ஆனால் சூப்பை மாட்டெலும்பில் கொதிக்க வைத்திருக்கலாம். நம்மவர்கள் பலர் கேட்காமல் விட்டுவிடும் விஷயம் இது. பரிமாறிய தம்பியிடம் மலாயில் கேட்டோம். தெரியும் என்று சும்மா தலையாட்டாமல் உள்ளே போனார். திரும்பி வந்து தமிழில், "சூப்புல மாடு இல்லமா, கோழி எலும்புதான். சமையல்காரர்கிட்டயே கேட்டுட்டேன்" என்றார். நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழுக்கு மாறியிருக்கிறார். பீடோங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவர் நின்ற நிமிர்வும் தட்டு வைத்த பக்குவமும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரில் நம் பிள்ளைகள் ஒரு தொழிலை முறையாகக் கற்றுச் செய்வதைப் பார்க்கும்போது அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேலாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

எங்களை யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. வாழையிலைக் கடையை நான் குறைசொல்லவில்லை, ரசத்துக்கும் அப்பளத்துக்கும் அங்கேதான் போவேன். ஆனால் மதியம் ஒரு மணிக்கு அங்கே உட்கார்ந்தால் இலையை மடிக்குமுன் அடுத்த குடும்பம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும். அங்கே மனம்விட்டுப் பேச முடியாது. தோழி போன வருடம் கணவரை இழந்தவள். தொலைபேசியில் சொல்லாததையெல்லாம் அன்று சொன்னாள். சூப்புக்கும் மீனுக்கும் நடுவில், மீனுக்கும் இனிப்புக்கும் நடுவில் நேரம் இருந்தது. அவள் அழுதபோது அந்தத் தம்பி தட்டோடு தள்ளியே நின்றார். அவள் முகம் துடைத்த பிறகுதான் மேசைக்கு வந்தார்.

விலை பற்றி. மெனுவில் 38க்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் பொடி எழுத்தில் இருக்கின்றன. ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், மற்றது 6 விழுக்காடு சேவை வரி. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 ஆனபோதும் உணவுக்கு 6தான் என்று விட்டுவிட்டார்கள். ஆக ஓர் ஆளுக்கு 44 வெள்ளியைத் தாண்டும். மொத்த விலையையே பெரிதாகப் போட்டால் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு உதவியாக இருக்கும். சேவைக் கட்டணத்தை நான் மனதாரக் கொடுக்கிறேன். ஊழியர்களுக்குச் சேர வேண்டிய அந்தப் பணத்தை வைத்துக் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கை நிரப்பக் கூடாது என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. பெரிய தொகை இல்லை. தனியாக டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் மலேசியாவில் கிடையாது, ஆனாலும் தம்பிக்குக் கொஞ்சம் கொடுத்தோம்.

குறை என்றால் கோப்பிதான். இயந்திரத்திலிருந்து வந்த வெளிறிய கோப்பி. வறுத்த கொட்டையைத் துணிப்பையில் வடிகட்டிக் கொடுக்கும் கோப்பிக்கடைகள் இருக்கும் ஊரில் இதைக் கொடுப்பது நியாயமில்லை. தேநீர் கேளுங்கள், அது பரவாயில்லை. குளிரூட்டியும் கடுமை; வயதானவர்களை அழைத்துப் போனால் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். மெனுவில் சைவ முக்கிய உணவு இல்லை, ஆனால் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருகிறார்கள். பிறந்தநாள் என்று வீட்டில் செய்த கேக்கையோ பலகாரத்தையோ கொண்டு போகாதீர்கள். ஹலால் சான்றிதழ் உள்ள இடம் என்பதால் உள்ளே அனுமதிக்க மாட்டார்கள். நாங்கள் தோழி சுட்டுவந்த அதிரசத்தைக் காரிலேயே வைத்துவிட்டுப் போனோம். பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயிலில் வருகிறவர்கள் நிலையத்தில் இறங்கி கிராப் வாடகைக் கார் பிடித்தால் போதும். பன்னிரண்டரைக்கு மேசை கேளுங்கள்; ஜன்னலோரம் என்று சொன்னால் ஜெராய் மலை தெரியும் பக்கமாகக் கொடுப்பார்கள்.